பன்னீர் ரோஜாவின் பூர்வீகம்

கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு ஊக்குநர் அக்கா கேட்டபோது, "உங்க குழுவோட வரலாறு எழுதிக் குடு" என்றுதான் சொன்னார்கள். எங்கள் குழுவின் வரலாறு தீர்மான நோட்டிலேயே இருக்கிறது. யார் எப்போது சேர்ந்தார்கள், சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, எல்லாமே தேதியோடு, கையெழுத்தோடு இருக்கு. அதையே திருப்பி எழுதி என்ன செய்ய? எங்கள் குழுவில் ஒன்பது பேர் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிவது பன்னீர் ரோஜாவால். அந்தச் செடியின் வரலாறு எந்த நோட்டிலும் இல்லை. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நிலக்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்குப் பன்னீர் ரோஜாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் குழுக்காரர்களும் இந்த மலரைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். கடையில் ஒற்றைக் காம்போடு, கண்ணாடித் தாள் சுற்றி விற்கிற ரோஜா வேறு. இது காம்பு நீளமில்லாத, வெளிர் சிவப்பு உதிரிப் பூ. மாலைக்குப் போகும், சாமிக்குப் போகும், கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பு பக்கத்தில் தட்டில் இருக்கும். நாலு பூவைத் தண்ணீரில் போட்டால் வீடே மணக்கும். கிலோ கணக்கில்தான் விற்போம்.

இந்த வரலாற்றைத் தேட வைத்தது ஒரு நஷ்டம்.

2016-ல் எங்கள் குழுவில் அஞ்சு பேர் சேர்ந்து 40 சென்ட் நிலத்தில் ரோஜா போட உள்கடன் வாங்கினோம். முதலில் வங்கியில்தான் கேட்டோம். அங்கே இருந்த அதிகாரி, "ரோஜா குளிர் பிரதேசத்துப் பூவும்மா. ஓசூர், ஊட்டின்னா சரி. இந்த வெக்கையில எப்படி வரும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் வந்தது, ஆனால் பதில் தெரியவில்லை. அந்த வீம்பிலேயே ஒரு நர்சரியில் போய், காம்பு நீளமாக வரும் ஒட்டுச்செடி வாங்கினோம். எந்த மண்ணிலும் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பங்குனி வரைக்கும் பார்க்க அழகாக இருந்தது. சித்திரை வெயிலில் மொட்டு சின்னதாகி, விடிந்து வெயில் ஏறுவதற்குள் விரிந்து தொங்கிப் போச்சு. ஐப்பசி அடைமழையில் இலை முழுக்கக் கரும்புள்ளி விழுந்து, கொட்டி, வெறும் குச்சி நின்றது. அதன் பிறகு நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. கொஞ்சம் செடியில் அடியிலிருந்து செழிப்பாகத் துளிர் வந்ததைப் பார்த்து, பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டோம். அது ஒட்டுக்குக் கீழே இருந்து வந்த காட்டுத் துளிர். நாங்கள் காசு கொடுத்தது மேல் செடிக்கு, பிழைத்தது கீழ்ச் செடி.

கடனைக் கட்டிவிட்டோம். ரெண்டு வருஷம் ஆச்சு. களை வெட்டப் போயும், வெங்காயம் அரியப் போயும் கட்டினோம். ஒரு தவணை கூடத் தவறவில்லை என்பது தீர்மான நோட்டில் இருக்கும். எப்படிக் கட்டினோம் என்பது இருக்காது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார், கிணற்று மேட்டில் வேலி ஓரமாக நின்ற பழைய பன்னீர் ரோஜாச் செடியைக் காட்டினார். "இதுக்கு யாரு மருந்தடிச்சா? யாரு பந்தல் போட்டா? நான் கல்யாணமாகி வந்தப்ப இருந்து நிக்குது. ஆடு கடிக்குது, திரும்ப வருது" என்றார். அதிலிருந்து குச்சி வெட்டி வைத்துத்தான் இன்றைக்குள்ள தோட்டமெல்லாம் வந்தது. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கிணற்றுத் தண்ணி. ஒரு ரோஜா செத்தது, இன்னொன்று ஏன் சாகவில்லை? இந்தக் கேள்வி மனசில் கிடந்தது. தோட்டக்கலைப் பயிற்சிக்குப் போனபோது கையேட்டில் நம் பன்னீர் ரோஜாவுக்கு 'எட்வர்ட் ரோஜா' என்று பேர் போட்டிருந்தது. யார் அந்த எட்வர்ட்? நூலகத்திலும், மகளின் கைப்பேசியிலும் தேடித் தேடித் தெரிந்துகொண்டதுதான் கீழே வருவது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோஜா என்ற சொல்லே நம் சொல் இல்லை. போர்த்துக்கீசியர்களின் 'ரோசா'தான் நம் வாயில் ரோஜா ஆனது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் ரோஜா கிடையாது. ஆக, வங்கி அதிகாரி சொன்னது முழுப் பொய் என்று நானும் சொல்ல முடியாது. ரோஜா வந்தேறிதான். ஆனால் எல்லா ரோஜாவும் குளிரிலிருந்து வரவில்லை.

ஐரோப்பாவில் பழைய காலத்து ரோஜாக்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை பூக்கும். குளிர்காலம் முழுக்க உறங்கி, வெயில் வந்ததும் பூத்து, அதோடு சரி. டமாஸ்க் ரோஜாவில் ஒரு வகை மட்டும் ரெண்டு தடவை பூக்கும். நல்ல மணம் உள்ளது அது. சீனத்து ரோஜா அப்படி இல்லை. அது வருஷம் முழுக்க, துளிர் விட விடப் பூக்கும். அதற்குக் குளிர்கால உறக்கம் தேவையில்லை. 1700-களின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தச் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. கல்கத்தா வழியாகப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'வங்காள ரோஜா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பிறந்தது சீனத்தில், பேர் வங்காளத்துக்கு. நம் ஊரில் மாப்பிள்ளை ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி.

இந்த ரெண்டு ரோஜாவும் சேர்ந்த இடம் லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ஒரு வெக்கைத் தீவு. இன்றைக்கு ரீயூனியன் தீவு என்கிறோம். அன்றைக்கு பிரெஞ்சு அரச குடும்பத்துப் பேரில் பூர்போன் தீவு. கடற்கரை முழுக்கக் கரும்பு, காற்றெல்லாம் ஈரம். அங்கே நிலத்துக்கு எல்லை கட்ட ரோஜாவை வேலியாக நடுவார்கள். ஒரு வரிசை சீன ரோஜா, ஒரு வரிசை டமாஸ்க் ரோஜா. வேலி வேலியாக நின்ற செடிகளில், வண்டு செய்த வேலையோ காற்று செய்த வேலையோ, ரெண்டும் கலந்து ஒரு புதுக் கன்று முளைத்தது. சீனத்து ரோஜாவைப் போல ஓயாமல் பூத்தது, டமாஸ்க் போல மணந்தது. செயின்ட் பெனுவா என்ற ஊரில் பெரிஷோன் என்பவரின் வேலியில் அது இருந்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய முதல் பேர் எதுவார். அதனால் அந்தத் தீவுக்காரர்கள் 'எதுவார் ரோஜா' என்றார்கள். ஆங்கிலத்தில் எட்வர்ட் ஆனது. நம் கையேட்டு எட்வர்ட் இவர்தான்.

1817-ல் அந்தத் தீவின் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நிக்கோலா பிரெயோன் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். இந்த ரோஜாவைக் கவனித்து, அதன் விதையை 1819-ல் பிரான்சுக்கு அனுப்பினார். அங்கே பிரபு ஒருவரின் தோட்டக்காரராக இருந்த ழாக் அதை முளைக்க வைத்தார். அதிலிருந்து 'பூர்போன் ரோஜா' என்ற ஒரு பெரிய வம்சமே வளர்ந்து, ராஜா வீட்டுத் தோட்டத்தில் எல்லாம் நின்றது.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறுத்தியது. வேலிக்குச் சொந்தக்காரர் பேர் இருக்கிறது. விதை அனுப்பியவர் பேர், முளைக்க வைத்தவர் பேர் இருக்கிறது. அந்த வேலியை நட்டது யார்? 1817-ல் அந்தத் தீவில் தோட்டவேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்கள் பேர் ஒன்றும் ரோஜாவுக்கு வைக்கப்படவில்லை. கடனுக்குப் போனால் "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று முதல் கேள்வி கேட்பார்கள் இல்லையா, அந்த ஞாபகம் வந்தது.

1848-ல் அங்கே அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் தமிழ் ஆட்களை ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்கள் வம்சம் இன்றைக்கும் அந்தத் தீவில் இருக்கிறது. 'மலபார்' என்று அங்கே அவர்களைச் சொல்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாதவர்கள்கூட மாரியம்மனுக்கு, முருகனுக்குக் கோயில் கட்டி, தீ மிதித்து, காவடி எடுக்கிறார்கள். நம் சனம் அங்கே போயிருக்கிறது. அந்தத் தீவின் வேலிச்செடி இங்கே நம் சாமி கழுத்தில் கிடக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது வங்கி அதிகாரிக்குப் பதில் சொல்லலாம். கடையில் விற்கும் காம்பு ரோஜாவுக்கு ராத்திரி 15 முதல் 18 டிகிரி குளிர் இருந்தால்தான் மொட்டு பெரிதாக, இறுக்கமாக, காம்பு நீளமாக வரும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பசுமைக்குடில் போட்டு அதைச் செய்கிறார்கள். பிப்ரவரி 14-க்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிற 'தாஜ்மஹால்' ரோஜாவெல்லாம் அப்படி வளர்ந்ததுதான். வெக்கையில் எந்த ரோஜாவானாலும் மொட்டு வேகமாக விரியும், இதழ் குறையும், பூ சிறுக்கும். காம்புப் பூவுக்கு அது நஷ்டம். மாலைக்குப் போகிற பூவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, விரிந்த பூதானே நமக்கு வேண்டும்! சூட்டிலும் ஈரத்திலும் பிறந்து வளர்ந்த செடி என்பதால் எட்வர்ட் தாங்குகிறது. அதோடு இது சொந்த வேரில் நிற்கிற செடி, ஒட்டுச்செடி இல்லை. எரிந்து போனாலும், ஆடு கடித்தாலும், அடியிலிருந்து வருவது அதே பன்னீர் ரோஜாதான். வடக்கே மற்ற ரோஜாவை ஒட்டுக் கட்டுவதற்கு வேர்ச்செடியாகவே இதை வைக்கிறார்கள் என்று படித்தபோது, எங்கள் 40 சென்டில் கீழிருந்து துளிர்த்தது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

நோயே வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி எந்த ரோஜாவையும் பிடிக்கும். அதனால்தான் வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் விடச் சொல்கிறார்கள். எங்களில் ஒருவர் இடம் வீணாகுதே என்று நெருக்கி நட்டார். காற்றுப் போகாமல் அந்த மூலைதான் எப்போதும் முதலில் நோய் பிடிக்கும். தண்ணியை அடியில் விட வேண்டும், அதுவும் காலையில். மழை ஓய்ந்ததும் கவாத்து. வெட்டின நுனியில் போர்டோ பசை தடவ வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த மருந்தும் 1880-களில் பிரான்சில் திராட்சைத் தோட்டத்துக்காகக் கண்டுபிடித்ததுதான்.

கவாத்து ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் இந்த வரலாறு படித்த பிறகுதான் புரிந்தது. சீன ரோஜாவின் ரத்தம் இருப்பதால் புதுத் துளிர் ஒவ்வொன்றின் நுனியிலும் பூ வரும். பழைய குச்சியை வெட்ட மனசு வராமல் விட்டால் துளிர் இல்லை, துளிர் இல்லாவிட்டால் பூவும் இல்லை. என் மாமியார் படிக்காதவர். "பாவம் பாக்காம வெட்டு" என்று முதல் வருஷமே சொன்னார்.

பன்னீர் என்று சொல்லிவிட்டு, பன்னீரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ரோஜா அத்தர் கண்டுபிடித்தது ஒரு பெண் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மொகலாய ராஜா ஜஹாங்கீர் தன் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம், பன்னீர் காய்ச்சி அகலமான பாத்திரத்தில் ஊற்றி வைக்கும்போது மேலே மெல்லிசாக எண்ணெய் படிவதைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துச் சேர்த்தார். ஒரு துளி உள்ளங்கையில் தடவினால் சபை முழுக்க மணந்தது என்று ராஜாவே வியந்திருக்கிறார். ஆனாலும் அந்த அத்தருக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? ஜஹாங்கீரி அத்தர். மருமகன் பேர்!

பாத்திரத்தின் மேலே படிவதைக் கவனிக்கிற கண் அடுக்களையில் புழங்குகிறவர்களுக்குத்தான் இருக்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, 2020-ல் எங்களுக்கே நடந்தது. மார்ச் 25-ல் நாடே ஊரடங்கு. பங்குனி, சித்திரை முகூர்த்தமெல்லாம் நின்று போனது. கோயில் நடை சாத்தியாச்சு, பூ மார்க்கெட் மூடியாச்சு. செடிக்கு ஊரடங்கு தெரியுமா? அது பாட்டுக்குப் பூத்தது. பறிக்காமல் விட்டால் பூ செடியிலேயே வாடி, பூச்சி சேர்ந்து, அடுத்த மொட்டையும் கெடுக்கும். அதனால் விடிகாலையில் எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பறித்து, பறித்ததைக் குப்பையில் கொட்டினோம். கைகளில் முள் குத்தின காயம் எப்போதும் போலத்தான். அன்றைக்கு அது எரிந்தது மட்டும் வேறு மாதிரி இருந்தது. பத்து நாள் கொட்டினோம். பதினோராம் நாள் குழுவில் மூத்தவரான ஓர் அக்கா தன் பங்குப் பூவைக் கொட்டவில்லை. இதழ் உதிர்த்து மாடியில் சேலையை விரித்து நிழலில் உலர்த்தினார். இன்னொருத்தர் இதழும் சர்க்கரையும் அடுக்கி வெயிலில் வைத்து குல்கந்து போட்டுப் பார்த்தார். முதல் ஜாடி பூசணம் பிடித்துவிட்டது, இதழில் ஈரம் இருந்திருக்கு. ரெண்டாவது ஜாடி நன்றாக வந்தது. அந்த வருஷம் லாபம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது விலை விழுகிற நாளில், கிலோ 20 ரூபாய்க்குக் கேட்டால், "இல்லண்ணே, நாங்க காய வச்சுக்கிறோம்" என்று தராசிலிருந்து கூடையைத் திருப்பி எடுக்க முடிகிறது. முன்பு அது முடியாது. அதே மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் 150-க்குக் கேட்டு வருவார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு தகவல், எங்கள் தோட்டத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலையைப் பற்றி. கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் என்பவர், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்து, மனைவி கிரிஜா வீரராகவனோடு சேர்ந்து பல பத்து வருஷமாகப் புது ரோஜா வகைகளை உருவாக்கியிருக்கிறார். வெப்ப நாட்டுக்கு என்று தனியாக ரோஜா வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியாவின் காட்டு ரோஜாக்களை. ஒன்று மணிப்பூர் மலைப் பக்கத்தது. இன்னொன்று வங்காளத்தில் ஆற்றோரச் சேற்றில், வெக்கையில், தண்ணீர் தேங்குகிற இடத்தில் தானாக வளர்வது. ரோஜா குளிர் தேசத்துச் செடி என்று சொல்கிறவர்கள் இந்த ஆற்றோர ரோஜாவைப் பார்க்க வேண்டும். அவர்கள் உருவாக்கிய ரோஜா ஒன்றுக்கு இ.கே. ஜானகி அம்மாள் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பெரிய தாவர விஞ்ஞானி அவர். ஒரு ரோஜாவுக்காவது சரியான ஆள் பேர் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நம் குழுக்களுக்கும் ரோஜாவுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதலில் ஆரம்பித்தது 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான். ஆக அன்றைக்கு ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். ஊருக்கே காம்பு ரோஜா அனுப்புகிற மண்ணும் நம் குழு பிறந்த மண்ணும் அப்போது ஒரே மாவட்டம். அந்த அதிகாரி திரும்ப வந்தால் இதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன், அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

கிணற்று மேட்டுச் செடி இன்னும் இருக்கிறது. அடிக்கட்டை என் மணிக்கட்டு மொத்தம். இந்த வருஷமும் ஐப்பசி மழை விட்டதும் கவாத்து பண்ணுவோம். பென்சில் மொத்தத்தில், மூணு நாலு கணு உள்ள குச்சி நிறையக் கிடைக்கும். வேப்ப மர நிழலில் பையில் மண் போட்டு வைத்தால் போதும். வேண்டும் என்கிற குழுக்கள் முன்கூட்டியே கூட்டமைப்பில் பேர் கொடுத்து வையுங்கள், ஈரச்சாக்கில் சுற்றி அனுப்புகிறோம். வெட்டின குச்சி ரெண்டு நாளைக்கு மேல் தாங்காது.